குவாரி லைனில் கட்டிய மஞ்சள் துணி

நாகவல்லிக்குச் சுற்றிச் சுற்றி நடப்பது பிடிக்காது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதற்காகக் காட்டுப்பாக்கம் பூங்காவில் மூன்று நாள் நடந்து பார்த்தாள். புறப்பட்ட இடத்துக்கே மறுபடி மறுபடி வந்து சேர எதற்கு இத்தனை வியர்வை என்று நான்காம் நாள் நிறுத்திவிட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் அவள். ஒரே மேஜை, ஒரே குழல்விளக்கு, கோணல் தையலுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். ஆறு நாள் செக்கு மாடு, ஏழாம் நாளும் செக்கா என்று டாக்டரையே கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி மேலாளர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, பால்கனியில் துருப்பிடித்துக் கிடந்த தடித்த டயர் கியர் சைக்கிளை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நாகவல்லி கையைத் தூக்கினாள். அவள் கணவர் அப்பாவு ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவில் மெக்கானிக். ஒரு வாரம் அதைக் கழற்றி மாட்டி, பிரேக்கை இறுக்கி, கியரைச் சரிசெய்துவிட்டு, கிரீஸ் கையோடு கேட்டார்.

"அம்பத்தி ஒரு வயசுல இத ஓட்டிகினு எங்கமே போவ?"

"ரோடு இல்லாத பக்கமா போறேன். ரோட்லதான் நீ டிங்கரிங் பண்ண பஸ்ஸு ஓடுதே."

ரோடு இல்லாத அந்தப் பக்கத்தை அவளே கண்டுபிடித்தாள். ஆவடியைத் தாண்டி மேற்கே போனால், முன்பு கல் குவாரிக்குச் சரக்கு ரயில் போய்வந்த தடம் ஒன்று உண்டு. குவாரியை மூடி, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய் இருபது வருடம் ஆகிறது. ஜல்லி மேடு மட்டும் அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவே அம்பு மாதிரி ஓடும் தடம், பதினோராவது கிலோமீட்டரில் கல்குன்றுகள். ஏறினால் மூச்சு முட்டும். இறங்கினால் கன்னத்துச் சதை ஆடும். முதல் தடவை உச்சியில் நின்றபோது நாகவல்லி அழுதாள். துக்கமெல்லாம் இல்லை. யாருக்காகவும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், இப்படி ஒரு காலைப் பொழுதை அவள் அதுவரை பார்த்ததில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தாள். இதை யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை என்றும்.

ஆனால் செக்கிங் மேஜைப் புத்தி சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதற்கெல்லாம் ஓர் அடையாளம் வைத்தாக வேண்டும் அவளுக்கு. கட்டிங் செக்‌ஷனில் மிஞ்சிய துணி நாடாக்களை எடுத்து வந்து வழிநெடுகக் கட்டினாள். மஞ்சள் என்றால் போகலாம். சிவப்பு என்றால் இறங்கித் தள்ளு. பாதி வழியில் ஒரு வேப்பமரம், அங்கே தடம் இரண்டாகப் பிரியும். நேரே போனால் மேல் சிலாப் உடைந்த சின்னப் பாலம், உள்ளே இடுப்பளவு பள்ளம். அந்தப் பக்கம் சிவப்பு. சுற்றிக்கொண்டு போகும் ஒற்றையடிப் பாதைக்காக வேப்பங்கிளையில் மஞ்சள். அந்த சீசனில் ஏதோ வெளிநாட்டுப் பள்ளிக்கு மஞ்சள் டி-ஷர்ட் தைத்துக்கொண்டிருந்தார்கள், மஞ்சளுக்குப் பஞ்சமில்லை.

துணி இருந்ததால் துணையும் வந்தது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரி சுதா முதலில் சேர்ந்தாள். பிறகு கொரட்டூர் ஷர்மிளா. மூன்று பேரும் மஞ்சளைப் பார்த்து மிதித்தார்கள், சிவப்பைப் பார்த்து இறங்கினார்கள். ஆடி மாதம் வரும் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

வேப்பமரம், அதில் மஞ்சள் துணி, எதிரே சிவப்புத் துணி. ஆடி மாதத்தில் நம் ஜனங்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வேப்பமரத்தைத் தாண்டினதும் குன்றுப் பக்கமாக லைன்மேடு என்று எண்பது வீடு இருக்கிறது. அங்கிருந்து வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் அந்தத் தடத்தில்தான் நடந்து பஸ் பிடிப்பார்கள். அவர்களில் ஒருத்தியான அன்னம்மாள் மரத்தைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், மறுநாள் தானும் ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்து கட்டினாள். அப்புறம் பார்க்க வேண்டுமே. நாலாவது வாரம் கிளையே தெரியவில்லை. மரத்தில் இடம் போதாமல் பாலத்துப் பக்கத்துப் புதரில் எல்லாம் கட்டிவிட்டார்கள். எல்லாம் மஞ்சள். சுதா வழக்கம்போல மஞ்சளை நம்பி மிதித்துப் போய்ப் பள்ளத்துக்குள் இறங்கினாள்.

"எக்கா, மஞ்சள்னா போலாம்னு நீங்கதான சொன்னீய?" என்றாள், முழங்காலை ஊதிக்கொண்டே.

நாகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். சரி, வேறு நிறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அந்தப் பெண்கள் கும்பிட்டதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வந்தது தை மாதத்தில்.

அந்தப் பகுதியில் 'ஹில் வியூ' என்று மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார் சண்முகசுந்தரம். மனைகளை ஒட்டி ஓடும் தடத்தின் மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். அதை வளைத்துப் போட்டால் மனைக்குச் சொந்தச் சாலை கிடைத்த மாதிரி. தடம் யாருக்குச் சொந்தம் என்று போய்க் கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டும். அவருக்கு அது வசதியாகப் போயிற்று. வேப்பமரத்தடியில், ஒற்றையடிப் பாதையையும் சேர்த்துக் குறுக்கே அடைத்து, மூன்று படி உயரத்துக்கு ஒரு மேடை கட்டினார். மேடை ஓரமாக அம்மன், முன்னால் வழவழவென்று தரை, இரண்டு பக்கமும் வேலி, படிக்கு முன்னால் இரும்புக் கேட். கேட்டில் ஒரு போர்டு: செருப்பு அணிந்து வரக் கூடாது, சைக்கிள் உட்பட எந்த வாகனமும் ஓட்டக் கூடாது. பங்குனியில் கும்பாபிஷேகம், அது முடிந்ததும் கேட்டுக்குப் பூட்டு என்று பேச்சு அடிபட்டது.

நாகவல்லிக்குக் காது சூடாகிவிட்டது. தான் வழிக்காகக் கட்டிய துணியை வைத்தே வழியை அடைக்கிறான் ஒருவன். மரத்தில் தேடி, எல்லாத் துணிக்கும் அடியில் இருந்த தன் பழைய நாடாவை அவிழ்த்தாள். அதன் ஓரத்தில் கட்டிங் ஸ்டிக்கர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நேராகச் சண்முகசுந்தரம் முன்னால் போய் நீட்டினாள்.

"இன்னா எழுதிகீது படி சார். லாட் நானூத்திப் பதினேழு, சைஸ் எல். இது சாமி துணி இல்ல, பனியன் துணி. வழி தெரியணும்னு நான் கட்டுனது."

அந்த மனிதர் அசரவில்லை. பெட்டி பெட்டியாகக் கல்கண்டு வைத்திருக்கிற சிரிப்பு அவருக்கு.

"அக்கா, உன் கையால கட்ட வெச்சது யாருன்ற? அந்தத் தாயிதான். ஒண்ணு பண்றேன். கல்லுல பேரு வெட்டும்போது மொதல் பேரு உன்னுது. மொதல் மரியாதையும் உனக்குத்தான். கேட்டு பூட்டுனப்புறம் இந்தப் பக்கம் சைக்கிள் எடுத்துகினு வராத. அவ்ளோதான்."

உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நிமிடம் நாகவல்லிக்கு ஆசை வந்தது. இருபத்தாறு வருடமாக அவள் சரிபார்த்த லட்சக்கணக்கான துணிகளில் அவள் பெயர் கிடையாது, சி-9 என்ற எண்தான். கல்லில் பெயர். பேரப் பிள்ளைகள் வந்து தடவிப் பார்க்கலாம். பிறகு குன்றின் உச்சியில் அடிக்கும் காற்று ஞாபகம் வந்தது.

"பேரு நீயே வெச்சுக்கோ. எனக்கு வழி வேணும்."

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சாமியாண்ட மோதாதமே. ஏதுனா ஆயிடப் போவுது."

"சாமியாண்ட யாருயா மோதுனா? அது பாட்டுக்கு அது உக்காந்துகினு கீது. நான் கேட்டாண்டதான் மோதுறேன்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கேட்டருகே இறங்கினார்கள். நாகவல்லி போர்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தாள். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் அளவுத்தாளை அப்படித்தான் படிப்பாள், அதில் எழுதாததையும் சேர்த்து.

"ஓட்டக் கூடாதுன்னுதான் கீது," என்றாள். "தூக்கக் கூடாதுன்னு எங்கியும் இல்ல."

ஷூவைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினாள். பதினைந்து கிலோ சைக்கிளை ஒரே தூக்காகத் தோளில் ஏற்றினாள். வெறும் காலோடு மூன்று படி ஏறி, அம்மனைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அந்தப் பக்கம் மூன்று படி இறக்கம். கீழே வைத்து, ஷூவை மாட்டி, ஏறி மிதித்தாள். சுதாவும் ஷர்மிளாவும் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேடையில் நின்ற சண்முகசுந்தரத்தின் ஆட்கள் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டார்கள். எந்த விதியை மீறினாள் என்று சொல்வது?

அடுத்த வாரமும் தூக்கினாள். அதற்கடுத்த வாரமும். தோளில் தழும்பு விழுந்தது. போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. இடுப்பு வலியில் திங்கட்கிழமை செக்கிங் மேஜையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நிறுத்துகிற உத்தேசம் மட்டும் அவளுக்கு இல்லை.

பங்குனியில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு, அவள் வந்தபோது சண்முகசுந்தரம் கையில் புதுப் பூட்டோடு கேட்டுக்குள் நின்றிருந்தார். மேடையில் லைன்மேட்டுப் பெண்கள் முப்பது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். நாகவல்லி ஷூவைக் கழற்றினாள். சைக்கிளைத் தோளில் ஏற்றினாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"காவடி வருது, வழி விடுங்க."

அன்னம்மாள் குடத்தோடு இறங்கி வந்தாள். குடத்தில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை. காவடி எடுத்து வருகிறவர்களின் காலில் ஊற்றுவது வழக்கம் அல்லவா, அதற்காகக் குனிந்தாள். நாகவல்லி காலைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடியும் அதே தப்பு. இந்த முறை இதில் அவளுக்கு லாபம் வேறு. பேசாமல் இருந்தால் போதும், பூட்டு விழாது. சுதா பின்னாலிருந்து, "சும்மா இருங்கக்கா," என்று முணுமுணுத்தாள். ஆனால் கோணல் தையலைப் பார்த்துவிட்டு நல்ல பீஸ் என்று அனுப்பிப் பழக்கமில்லை நாகவல்லிக்கு.

"அக்கா, ஊத்தாத. இது காவடி இல்ல. வேண்டுதலும் இல்ல. என் சைக்கிளு. நான் போற வழி இது, அவ்ளோதான். மரத்துல மொதல்ல துணி கட்டுனதும் நான்தான்."

எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். சண்முகசுந்தரம் முகத்தில் கல்கண்டு திரும்பி வந்தது. அன்னம்மாள் நிமிரவே இல்லை.

"தெரியும்மா," என்றாள் தாழ்ந்த குரலில். "லாட் நம்பரு வெச்சிகினு நீ சண்ட போட்டியே, அன்னிக்கே தெரியும். இந்தக் கேட்டைப் பூட்டிட்டா நாங்க பஸ்ஸுக்கு மூணு கிலோமீட்டரு சுத்தணும். வாரா வாரம் நீ தூக்கிகினு போறத பாத்துகினுதான் கீறோம். காலைக் காட்டு."

நாகவல்லி ஒரு காலை நீட்டினாள். தண்ணீர் சில்லென்று விழுந்தது. அடுத்த காலையும் நீட்டினாள். பிறகு சுதாவுக்கு, ஷர்மிளாவுக்கு. சண்முகசுந்தரம் கேட்டை இழுத்து மூடப் போனார். காவடி வரும்போது கேட்டை மூடுவாயா என்று முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் கேட்டார்கள். பூட்டு அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

அன்று குன்றிலிருந்து திரும்பும்போது அந்தப் பூட்டு மறுபடி வெளியே வந்திருந்தது. சண்முகசுந்தரம் கேட்டின் மேல் ஒரு கையை வைத்து நின்றார். எதிரே அன்னம்மாள், செருப்பில்லாமல், தோளில் இருபது லிட்டர் தண்ணீர் கேனோடு. அவளுக்குப் பின்னால் ஒருத்தி அரிசி மூட்டையோடு, இன்னொருத்தி கேஸ் சிலிண்டரோடு, இன்னொருத்தி தூங்குகிற பிள்ளையோடு. வரிசை வேப்பமரத்தைத் தாண்டிப் போயிருந்தது. எல்லோர் தோளிலும் ஏதோ ஒன்று.

"காவடிப்பா," என்றாள் அன்னம்மாள். "கைய எடு."

நாகவல்லி சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடினாள். மேடையில் இருந்த குடத்தில் பாதி மஞ்சள் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்னம்மாளின் காலடியில் குனிந்தாள்.