கேட்டுப் போடுகிற ஊசி

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மகாதேவி முதலில் நாயிடம் அனுமதி கேட்பாள். "வரட்டோடா?" நாய் வாலை ஆட்டினால் வேலிப் படலை திறக்கும். பிறகு மாமியாரிடம், பிறகு கர்ப்பிணியிடம், கடைசியில், சட்டைக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிற அதே கர்ப்பிணியிடம் மறுபடியும்: "போடட்டோ பிள்ளை?"

மானிப்பாய்க்கு மேற்கே நாலைந்து ஊர்களுக்கு அவள்தான் மிட்வைஃப். சனத்துக்கு "மிஸ்ஸி". ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. மெலிந்த உடம்பு, பெரிய பொட்டு. சைக்கிள் காரியரில் ஊசிமருந்துப் பெட்டி. அதிலிருக்கும் ஐஸ் உருகுமுன் வீடுகளைச் சுற்றி முடிக்க வேண்டும். அவளோ கேட்டுக்கொண்டு நிற்பாள். "உவ மூச்சு விடுறதெண்டாலும் ஆரையும் கேட்டுத்தான் விடுவா" என்பது சந்திக் கடைப் பஞ்சலிங்கத்தின் பகிடி.

கேட்டால் பதில் வரும் என்பதுதான் வில்லங்கம். ஒருத்திக்குச் செவ்வாய்க்கிழமை உடம்பில் இரும்பு படக்கூடாது. இன்னொருத்திக்கு ஊசி குத்தினால் பிள்ளை கறுத்துவிடுமாம். மூன்றாமவள், "அவர் வந்தாப்போலை கேட்டுச் சொல்லுறன் மிஸ்ஸி" என்பாள். அவர் ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம். எல்லாவற்றுக்கும் மகாதேவி தலையாட்டுவாள். ஏற்பு என்கிற டெட்டனஸ் நோய் என்றால் என்ன, தாய்க்குப் போடுகிற ஏற்பூசி பிள்ளையை எப்படிக் காக்கும் என்று விளங்கப்படுத்துவாள். அதன் பிறகும் மாட்டேன் என்றால், "சரி பிள்ளை, பிறகு வாறன்."

அவளுக்கு மேலேயுள்ள டொக்டருக்கு இது விசர்த்தனம். "சத்தூசி எண்டு சொல்லிக் குத்திப்போட்டு வாரும். கேட்டுக்கொண்டு நிக்கிறதுக்கு நீர் என்ன பொம்பிளை பாக்கப் போனனீரோ?" அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. சத்தூசி என்றால் நம் சனம் மற்றக் கையையும் சேர்த்து நீட்டும். ஏற்பூசி என்றால்தான் நாள் நட்சத்திரம் பார்க்கும்.

அவள் சுற்றுகிற ஊரொன்றில் இருக்கும் நாகேஸ்வரியின் முதற் கர்ப்பத்தில், மகாதேவி லீவில் நின்றபோது வந்த வேறொரு மிஸ்ஸி அப்படித்தான் செய்தாள். சத்தூசி என்று சொல்லி ஏற்பூசியைப் போட்டாள். அந்தக் கிழமையே கரு கலைந்தது. ஊசியால் அல்ல, ஆனால் பொய் வெளியில் வந்தபின் அதை யார் நம்புவார்? அடுத்த முறை மகாதேவி போனாள், கேட்டாள். "மாட்டன்." திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். "மாட்டன்." பிள்ளை பிறந்த அன்று ஷெல்லடி. மகாதேவிக்குச் செய்தியே எட்டவில்லை. அடுப்படிக் கத்தியால் தொப்புள்கொடியை அறுத்தார்கள். ஒரு கிழமையில் குழந்தையின் வாய் இறுகியது. முலையைப் பிடிக்கவில்லை. தொட்டபோதெல்லாம் அந்தச் சின்ன உடம்பு வில்லாய் வளைந்தது. ஏற்பு.

செத்தவீட்டில் நாகேஸ்வரி அவளை ஏசவில்லை. "நீங்கள் கேட்டனீங்கள்தானே மிஸ்ஸி. நான்தான் மாட்டன் எண்டனான்."

ஏசியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து மகாதேவி தன்னைத்தானே கேட்டாள்: "நான் ஏன் கேட்டனான்?"

இப்போது நாகேஸ்வரிக்கு மறுபடியும் ஏழாம் மாதம். போன கிழமை மாமியார் நல்லம்மா படலையிலேயே மகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, அவளைக் கேளாதை. சத்தூசி எண்டு சொல்லிக் குத்திவிடு. இன்னொண்டைப் புதைக்க என்னாலை ஏலாது."

மகாதேவி கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். நாகேஸ்வரி பாயில் சாய்ந்திருந்தாள், முகம் வெளிறிப்போய். மகாதேவி ஊசியில் மருந்தை ஏற்றி முடிக்குமுன்பே அவள் கையை நீட்டினாள்.

"ஒரே தலைச்சுத்து மிஸ்ஸி. சத்தூசிதானே?"

நல்லம்மா வாசற்படியில் கும்பிட்டபடி நின்றாள். ஆமென்று ஓர் 'ஓம்' சொன்னால் போதும்.

"வேறை ஆரும் எண்டால் நான் கை நீட்டமாட்டன். நீங்கள் பொய் சொல்லமாட்டியள்."

ஊசி முனையில் ஒரு துளி திரண்டு விழுந்தது.

"இல்லைப் பிள்ளை," என்றாள் மகாதேவி. "ஏற்பூசி. போடட்டோ?"

நீட்டிய கை மெல்ல மெல்லச் சேலைக்குள் போயிற்று. நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டு, "அரிச்சந்திரன்ரை தங்கச்சி வந்திருக்கிறா!" என்று கத்தியபடி அடுப்படிப் பக்கம் போனாள். அங்கிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

மகாதேவி ஊசியை மூடிவைத்தாள். பையின் அடியைத் துழாவி, கடதாசி பிரிக்காத புதுச் சவர பிளேட் ஒன்றை எடுத்தாள். பொருளாதாரத் தடையால் பிளேட் கிடையாமல் ஊரில் ஆம்பிளைகளெல்லாம் தாடியோடு திரிகிற காலம்; எங்கே தேடிப் பிடித்தாளோ தெரியாது.

"பிள்ளை பிறக்கிற அண்டைக்கு நான் வந்துசேர ஏலாமல் போனாலும், கொடியை இதாலைதான் அறுக்கவேணும். கொதிதண்ணியிலை நல்லா அவிச்சுப்போட்டு. வேறை ஒண்டாலையும் வேண்டாம்."

சேலைக்குள் ஒளிந்திருந்த கையைக் கேளாமலே வெளியில் எடுத்தாள். உள்ளங்கையில் பிளேட்டை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். கடைசி விரல் மடிந்த பிறகும் அந்தக் கையை விடவில்லை.