ஜீப்பின் பின்னால் படுத்துப் பார்த்த நாள்

எங்கள் வீட்டில் அந்த வருஷம் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். காரணம் ஒரு பூட்டு. கதவுக்கோ பீரோவுக்கோ போடும் பூட்டல்ல. ஜீப்பின் பின்சக்கரங்களுக்கு நடுவே போடுவது.

அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஆலை கரிசல் காட்டுக்குள் இருந்தது. ஆட்களை ஏற்றி இறக்க அவரிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. மழை பெய்தால் அந்தப் பாதை களியாகிவிடும். ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுற்ற, மற்றது அசையாமல் நிற்கும். இரண்டையும் பூட்டிச் சேர்ந்து சுழல வைக்கிற சாதனத்துக்கு ‘லாக்’ என்று பெயர். கம்பெனியிலேயே லாக் போட்டு வரும் புது ஜீப்பை வாங்குவதா, பழையதிலேயே வெளி லாக் மாட்டுவதா என்பதுதான் வீட்டில் பேச்சு.

வெளி லாக் மாட்டச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. காரியாபட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அதனாலேயே அப்பாவுக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. புது ஜீப் விற்கும் ஷோரூம்காரர் வீட்டுக்கு வந்து காபியை அளவுக்கு மீறிப் புகழ்ந்ததால் அவர்மேலும் இல்லை. அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய சந்தேகம் அப்பாமீதே. “மழையே பெய்யாத ஊர்ல எதுக்கு இம்புட்டு ஆராய்ச்சி? நீங்க எதையோ மறைக்கீக” என்பாள். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். எனக்கு ஒன்பது வயது. யாரைச் சந்தேகப்படுவது என்று தெரியாததால் நான்கு பேரையும் கண்காணித்தேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்ததும் அப்பா என்னை ஆலைப் பாதைக்குக் கூட்டிப்போனார். ஷோரூம்காரர் புது ஜீப்போடு நின்றார். மாமா, தான் லாக் மாட்டிக்கொடுத்த இன்னொருவருடைய ஜீப்பை ஓட்டி வந்திருந்தார். இருவரும் ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

“பாப்பா, பின்னால ஏறி நீட்டிப் படு” என்றார் அப்பா.

“பாப்பா எதுக்கு சார்? முன்னால உக்காரட்டுமே” என்றார் ஷோரூம்காரர்.

“படுக்கட்டும்.”

புது ஜீப் சேற்றில் இறங்கியது. ஒரு சக்கரம் உறுமிக்கொண்டு சுற்றியது. அப்புறம்தான் லாக் தானாக விழுந்தது. தடக்கென்று வண்டி முன்னே பாய, என் தலை தகரத்தில் மோதியது. வண்டி ஏறிவிட்டது, ஷோரூம்காரர் பெருமையாகச் சிரித்தார். அப்பா என் மண்டையைத் தடவிப் பார்த்தார்.

“குலுக்காம ஏறாதா?”

“சக்கரம் சுத்துனாத்தான் சார் லாக் விழும். ஆனா கம்பெனி வாரண்டி இருக்கு. வெளி லாக்குக்கு யாரு பொறுப்பு?”

அடுத்து மாமா. அவர் வண்டியிலும் பின்னால் படுத்தேன். சேற்றுக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தி ஒரு சுவிட்சை அமுக்கினார். எங்கோ புஸ்ஸென்று காற்றுச் சத்தம். குளத்திலிருந்து எருமை கரையேறுவதுபோல வண்டி நிதானமாக ஏறியது.

“இதுல தூங்கலாம்ப்பா” என்றேன்.

அப்பாவுக்கு அப்போதும் தீரவில்லை. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு சேற்றில் மல்லாந்து வண்டிக்கடியில் புகுந்தார். “மாப்ள, இந்தக் காத்துக் குழாய்ல கல்லு அடிச்சு ஓட்டை விழுந்தா?”

“லாக் விழாது அத்தான்” என்றார் மாமா. “அதான் குழாய இரும்புக்குள்ள விட்டு மேல ஏத்திக் கட்டித் தாரேன். மழைக்கு முன்னால நானே வந்து பாக்கேன்.”

குறையை மறைக்காமல் சொன்னதுதான் அப்பாவை இளக்கியிருக்க வேண்டும். “சரி, மாட்டிரு” என்றார்.

வீட்டில் அம்மா என்னை மடக்கினாள். “தம்பி என்ன சொல்லி அப்பாவ மயக்குனான்?” நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பின்னால் படுக்கவைத்ததைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. நேராக அப்பாவிடம் போனாள்.

“போன மழைக்கு வண்டி சேத்துல நின்னுச்சுன்னீகளே, உள்ள யாரு இருந்தா?”

அப்பா கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

“உசிரோடதான் ஏத்துனேன்” என்றார். “தார் ரோடு வரைக்கும் தாங்கல.”

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்ற நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: வண்டியில் உயிரோடு ஏற்றுவது ஆட்டைத்தான், அப்பா யாருடைய ஆட்டையோ திருடியிருக்கிறார்.

மாமா லாக்கை மாட்டி முடித்த அன்று, அம்மா ஜீப்பின் பின்னால் ஒரு மெத்தையை விரித்தாள். ஓரமாக, ஆஸ்பத்திரியில் தீக்காயக்காரர்களுக்குப் போர்த்துகிற மாதிரி சுத்தமான வெள்ளைத் துணிகளும் தண்ணீர் கேனும் வைத்தாள். அவளும் கூட்டுச் சேர்ந்துவிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. ஆட்டுக்கு எதற்கு மெத்தை என்பதுதான் பிடிபடவில்லை.