வாசலில் கழற்றிய பூட்ஸ்

தண்ணீர்க் குடத்தோடு வந்த நாச்சியம்மாளின் கால் அன்றைக்கும் செருப்பில் இடறியது. பாதித் தண்ணீர் சேலையில். புருஷன் ஐயாசாமியின் செருப்புதான். நடுவாசலில், ஜோடி பிசகாமல், மூக்கைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தது.

மற்ற ஆம்பிளைகள் போகிற போக்கில் உதறிவிட்டுப் போவார்கள். இந்த மனிதர் வாசலில் நின்று, திரும்பி, வீட்டுக்கு முதுகைக் காட்டிக் கழற்றி, கால் கட்டைவிரலால் ஜோடி சேர்த்துவிட்டுப் பின்பக்கமாகவே உள்ளே வருவார். காங்கேயத்தில் கொப்பரை காயப்போடும் களத்தில் அவருக்கு மேஸ்திரி வேலை. கொப்பரைமேல் செருப்புக்கால் படக் கூடாது. களத்து ஓரத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை கழற்றி மாட்டியதில் படிந்த பழக்கம். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

செருப்பையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கருமாந்திரம் பிடித்த படத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், எண்பத்து நாலில், மெட்ராஸிலிருந்து ஒரு சினிமா கம்பெனி வந்து, ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த பங்களாவில் பத்து நாள் படம் எடுத்தது. வரிசையாகக் கொலை செய்கிற ஒருவனைத் துப்பறிகிறவர் ஒருவர் தேடிப் பிடிக்கிற கதை. கொலைகாரன் முகம் கடைசியில்தான் தெரியும். அந்த ஒரு நாளுக்கு மட்டும் நடிகரை வரவழைத்துக்கொண்டு, மீதிக்கு உள்ளூர்க் காலே போதும் என்று கம்பெனி சிக்கனம் பிடித்தது. வேடிக்கை பார்க்கப் போன ஐயாசாமி உயரமாக இருந்தார். வேன் டிரைவரின் பூட்ஸை மாட்டிவிட்டு நடக்கச் சொன்னார்கள். ஐந்து கொலைக்கும் அவர் கால்தானாம். படம் கோயமுத்தூரில் இரண்டே நாள் ஓடிக் காணாமல் போனது. தெரிந்தவர்களில் ஒருத்தரும், ஐயாசாமியும்கூட, பார்க்கவில்லை.

ஆனால் ஐயாசாமி சொல்லாத ஆள் கிடையாது. பெண் பார்க்க வந்த இடத்தில் சொன்னார். காதுகுத்து விருந்தில் சொன்னார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம் சொன்னார். நாச்சியம்மாளின் அண்ணன் குமாரசாமி, யார் வந்தாலும் "நம்ம மாப்பிள்ளை காலு நடிகருங்க" என்று அறிமுகம் செய்து மானத்தை வாங்குவார். அவளுமே நம்பவில்லை. வேறெதிலும் பொய் சொல்லாத மனிதர் இதில் மட்டும் ஏன் இப்படிப் புளுகுகிறார் என்று பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்று ஐந்தில் ஒரு நாள், நாலாவது படிக்கிற மகள் லோகப்பிரியா அழுதுகொண்டே வந்தாள். அப்பா சினிமாவில் நடித்தார் என்று சொன்னதற்கு வகுப்பே அவளைப் பொய்க்காரி என்கிறதாம். நாச்சியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க, நீங்க புளுகறது பத்தாதுன்னு புள்ளையையும் பொய்க்காரி ஆக்கிப்போட்டீங்க! அந்தப் படத்தைக் கொண்டாங்க. உங்க காலு அதுல இல்லீன்னா, எல்லாரும் பாக்க, 'அப்பா பொய் சொல்லிப்போட்டேன் கண்ணு'ன்னு அவகிட்டச் சொல்லோணும். அப்பறம் சாகற வரைக்கும் அந்தப் பேச்சே எடுக்கப்படாது."

"செரி அம்மணி" என்றார் ஐயாசாமி.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கோயமுத்தூர் உக்கடத்துக்கு அலைந்தார். அங்கே வீடியோ கேசட் கடை வைத்திருந்த யூனுஸ், நாலாவது வாரம் எங்கிருந்தோ தேடி எடுத்துக் கொடுத்தார். "இந்தப் படத்தைக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதானுங்ணா" என்றாராம்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், குமாரசாமி வீட்டு டி.வி. முன்னால் சொந்தபந்தம் இருபது பேர் கூடிவிட்டார்கள். குமாரசாமி டெக்கில் கேசட்டைச் செருகினார். பெயர்கள் ஓடின. ஐயாசாமி பெயர் இல்லை.

"லைட்டுத் தூக்குனவன் பேரெல்லாம் வருதுங்க மாப்பிள்ளை. உங்களை மறந்துபோட்டாங்களாட்ட இருக்குது."

முதல் கொலை. மண் தடத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் நடந்தது. முழங்காலுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. "இது என்ற டிராக்டர் டிரைவரு காலுன்னுகூடச் சொல்லலாமுங்க" என்றார் குமாரசாமி. வீடே சிரித்தது. இரண்டாவது கொலை புல்தரையில். பூட்ஸே சரியாகத் தெரியவில்லை. ஐயாசாமிக்கே அது தன் கால் மாதிரி தோன்றவில்லை போலிருக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, அப்பா..."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நாச்சியம்மாள் டி.வி.யைப் பார்த்தாள்.

மூன்றாவது கொலைக்காகப் பூட்ஸ் பங்களாப் படி ஏறிக்கொண்டிருந்தது. வாசலில் நின்றது. திரும்பியது. உள்ளே இருந்த பெண் அந்த நேரத்துக்குள் கொல்லைப்புறமாகப் போய்ப் பல்லடம் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். கொலைகாரன் நிதானமாக, வீட்டுக்கு முதுகைக் காட்டி, ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றினான். கட்டைவிரலால் ஜோடி சேர்த்தான். நடுவாசலில், மூக்கு தெருப் பக்கம். பிறகு வெறுங்காலோடு, பின்பக்கமாகவே, கொலை செய்ய உள்ளே போனான்.

"நிறுத்துங்கண்ணா!" நாச்சியம்மாள் போட்ட சத்தத்தில் குமாரசாமி டெக்கை நிறுத்தியே விட்டார். "இவருதான்! எங்கூட்டுக்காரரு காலுதான்! பத்து வருசமா அதுல தடுக்கி உழுகறவ நானு, எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் குமாரசாமி வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். இருபது ஜோடிச் செருப்பு தலைகீழாகவும் பக்கவாட்டிலும் இறைந்து கிடந்தது. நடுவில் ஒரே ஒரு ஜோடி மட்டும் ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தது. லோகப்பிரியா ஓடிப் போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கொலை பண்ணப் போறவன் எதுக்குங்க பூட்ஸைக் கழட்டறான்?" குமாரசாமி குரலில் கிண்டல் இல்லை.

"டைரக்டரும் இதையேதான் கேட்டுக் கத்துனாருங்க மச்சான். மறுக்கா எடுக்க பிலிம் இல்லீன்னு உட்டுப்போட்டாரு. வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்." ஐயாசாமி கூச்சத்தோடு துண்டை மடித்தார். "அடுத்தவிய ஊட்டுக்குள்ள பூட்ஸோட எப்படிங்க போறது?"

டெக் மறுபடி ஓடியது. துப்பறிகிறவர் வாசலில் குனிந்து லென்ஸால் தூசியைப் பார்த்துவிட்டு, "நல்ல குடும்பத்துப் பையன்" என்றார். வீடே மறுபடி சிரித்தது. நாச்சியம்மாள் சிரிக்கவில்லை. பத்து வருஷமாக இந்த மனிதர் நிஜத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், கட்டினவளே நம்பவில்லை.

சாயங்காலம் குடத்தோடு வந்தவள் தன் வீட்டு வாசலில் இடறுவதற்கு முன்பே நின்றுகொண்டாள்.

"ஏனுங்க, அஞ்சு பேரைக் கொன்னவரே! இதைக் கொஞ்சம் ஓரமா எடுத்து வையுங்க!"

"வாரேன் அம்மணி" என்று எழுந்து வந்த ஐயாசாமி, அவள் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். செருப்பு நடுவாசலிலேயே கிடந்தது.