வாய்ப்பூட்டோடு நடந்த தைப்பூசம்

முருகன் அடியார்களே, முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் கருணையைப் பிறகு சொல்கிறேன். என் மச்சானின் மண்டையை உடைக்கச் சேர்த்து வைத்த இரும்புக் குழாய்களை என் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு மேலே குறட்டை விட்டுத் தூங்கியவன் நான். சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, கொடிக்கம்பு என்றார்கள். நம்பினேன். தூக்கும்போது கனத்தது. நல்ல மரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அது ஐம்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் எனக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. தைப்பூசத்துக்கு மறுநாள் வேலைநிறுத்தம் என்றது எங்கள் பக்கம், அதாவது சங்கம். வேலைக்குப் போயே தீருவோம் என்றது எதிர்ப்பக்கம். காப்பிக்கடையில் மேசைகள்கூட இரண்டாகப் பிரிந்துவிட்டன. என் மனைவியின் அண்ணன் சண்முகம் எதிர்ப்பக்கம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையிலேயே சில கதவுகள் தள்ளி இருந்தார்.

சங்க மேடையில் கூட்டத்தைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு. ஒருநாள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்க மச்சானுக்குக் கொள்கையெல்லாம் கிடையாதுங்க. வெள்ளைக்கார ஃபோர்மன் தும்முனா, இவரு மூக்கைத் துடைச்சுக்குவாரு!" என்றேன். கைதட்டல் அடங்கவே இல்லை. கடைசி வரிசையில் மச்சான் நின்றிருந்தார். திரும்பிப் போனார். மறுநாள் அவர் கதவில் யாரோ சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அவர் அழித்தார். மறுபடியும் வந்தது.

அதன் பிறகுதான் கட்டிலுக்கு அடியில் பெருக்கப் போன என் மனைவி காமாட்சி மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானும் குனிந்தேன். குழாய்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் கை வழுக்காமலிருக்கத் துணி சுற்றியிருந்தது.

மூட்டையைக் கொடுத்தவன் ராஜு. எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்குத் தலைவன். ஓடிப்போய்க் கேட்டேன்.

"யாருக்குடா இதெல்லாம்?"

"ஸ்டிரைக் அன்னிக்கு உங்க மச்சான் பட்டறை கேட்டைத் தாண்டி உள்ள போகட்டும், தெரியும்."

"டேய், அவரு என் சொந்தம்டா!"

"நீங்கதானேண்ணே மைக்ல சொன்னீங்க, வெள்ளைக்காரன் ஆளுன்னு? அன்னிக்குச் சிரிச்சோம். அப்புறம்தான் யோசிச்சோம்."

மூட்டையைக் கால்வாயில் போட்டால் வேறு மூட்டை வரும். மச்சானிடம் சொல்லப் போனேன். கதவைத் திறக்கவில்லை. மச்சானுக்காகப் பரிந்து பேசுவேன் என்று, நான் காப்பிக்கடைக்குள் நுழைந்தால் என் பக்கத்து ஆட்களே பேச்சை நிறுத்தினார்கள். சாமி படத்துக்கு முன்னால் விழுந்து அழுதேன். "முருகா, என் வாய் செய்த வினை. அவரைக் காப்பாற்று. இந்த வாயைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் நடந்து வருகிறேன்."

வாய்ப்பூட்டு என்றால் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொள்வது. சந்நிதி போய் அதை எடுக்கும்வரை பேச முடியாது.

காமாட்சி தன் அண்ணன் வாசலில் போய் உட்கார்ந்தாள். "அவருக்கு அலகு குத்துறப்ப நீங்கதான் பிடிச்சுக்கணும். நம்ம சண்டையை முருகன்கிட்ட காட்டாதீங்கண்ணே" என்றாள். தைப்பூசக் காலையில் மச்சான் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் நான் பால்குடம் எடுக்கும்போது விசிறி வீசிக்கொண்டு வருகிற ராஜுவும் வந்துவிட்டான்.

சிராங்கூன் ரோட்டிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரை நடை. வலப்பக்கம் அடிபடப் போகிறவர். இடப்பக்கம் அடிக்கப் போகிறவன். நடுவில் தலையில் பால்குடத்தோடு நான். கிண்டல் அடிக்க அருமையான காட்சி. வாய்தான் இல்லை.

கூட்டம் நெரிந்து ஓரிடத்தில் வெகுநேரம் நின்றோம். திடீரென்று மச்சான் பேச ஆரம்பித்தார்.

"போன ஸ்டிரைக்ல நானும் வெளியதான் நின்னேன் மாப்பிள்ள. என் பொஞ்சாதிக்கு நிறைமாசம். வலி எடுத்தப்ப வண்டி பிடிக்க நம்ம ஆளுங்க வீடு வீடா ஓடுனேன். எல்லாரும் கூட்டத்துக்குப் போயிட்டாங்க. புள்ள தங்கல. அப்ப வந்து நின்னது உள்ள வேலைக்குப் போனவங்க. அவங்கள எப்படி விட்டுட்டு வர? நீ துக்கத்துக்கு வந்தே. என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தே. ஏன் சங்கத்தை விட்டேன்னு ஒருநாள் கேட்டியா?"

நான் கேட்டதில்லை. பதில் சொல்ல நாக்கு துடித்தது. அலகு இழுத்தது. கண்ணீர் மட்டும் வந்தது.

விசிறி நின்றுவிட்டது. ராஜு கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரியாதுண்ணே" என்றான். பிறகு அவன் சொன்னான். அவன் அப்பாவின் கை மெஷினில் போனதும், ஒரு விசாரணைகூட இல்லாமல் அவரை வெளியே அனுப்பினார்களாம். "நாங்க கத்தலைன்னா யாருண்ணே கேப்பா?" மச்சான் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு மட்டும் வாய் இருந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு ஜோக் அடித்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன்.

சந்நிதியில் அலகை எடுத்தார்கள். யாரும் எதையும் முடிவாகச் சொல்லவில்லை. ராஜு திருநீறு பூசிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விடிந்ததும் ராஜு மூட்டையைக் கேட்டு வருவான் என்று வாசலையே பார்த்திருந்தேன். வரவில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது. கேட்டுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் ஆட்கள். மச்சான் சாப்பாட்டுத் தூக்கோடு நடந்து வந்தார். ராஜு எதிரே போய் நின்றான். முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"போங்கண்ணே. நான் வெளிய நிக்கிறேன்" என்ற குரல் கேட்டது.

"நீ நில்லு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் கதவைத் தட்டு" என்றார் மச்சான்.

கண்ணைத் திறந்தபோது அவர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். ராஜுவின் ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள். யாரும் பக்கம் மாறவில்லை. யார் மண்டையும் உடையவில்லை.

இப்போது நான் கூட்டங்களில் சிரிக்க வைப்பதில்லை. எதிராளி பேசி முடிக்கும்வரை நாக்கைப் பல்லுக்குள் வைத்திருக்கிறேன். சிரமம்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதவு சாத்தியிருந்தால், முருகனிடம் ஒப்படையுங்கள். அந்தக் கதவைத் திறக்க அவனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் முதன்முதலில் பஜனையில் சொன்னபோது மச்சானும் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "என்னைக் காப்பாத்துனது முருகன் மாப்பிள்ள. நீ ஒண்ணும் செய்யல லா. வாயை மூடிட்டு நடந்தே. அதை அந்த மைக்கைப் பிடிச்சப்பவே செஞ்சிருக்கலாம்."