தையல்காரியின் செலரி

என் ஓரகத்தியைச் சண்டைக்காரி என்று தெருவில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள்தான். இருபத்திரண்டு வருடமாக மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற மூலையில் அவளுடைய தையல் மெஷின். மூத்த மருமகளுக்கு இந்த வீடு ஒதுக்கியது அவ்வளவுதான். பின்னால் வந்த எனக்கு மாடி முழுதும் கிடைத்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மண். அக்கா, அப்படித்தான் ஓரகத்தியை நான் கூப்பிடுவேன், அதில் கீரை போடுவாள், கத்தரி வைப்பாள். என் வீட்டுக்காரர் டைல்ஸ் காண்ட்ராக்டர். வெறும் மண்ணைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். கார் வாங்கப் போவதாகவும், அந்த இடத்தில் சிமெண்ட் போட்டு நிறுத்தப் போவதாகவும் ஒருநாள் அறிவித்தார்.

"அது என் இடம் தம்பி," என்றாள் அக்கா.

இந்த வீட்டில் அவள் எதையும் 'என்' என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவள் கணவர்கூடப் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

அப்போது என் வீட்டுக்காரர் கையில் செலரி ஜூஸ். கொத்தமல்லி மாதிரி இலையும் தடித்த தண்டுமாக இருக்கிற சீமைக் கீரை அது. ஜிம்மில் யாரோ சொன்னார்களாம், தினமும் காலையில் அதைக் குடித்துக்கொண்டிருந்தார். அரைத்துக் கொடுப்பது நான்தான். டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"கீரை யார் வேணும்னாலும் போடுவாங்க அண்ணி. இதைப் போட்டுக் காட்டுங்க பார்ப்போம். ஆறு மாசம் டைம். குடிக்கிற மாதிரி ஒரு செடி வந்தாலும் போதும், அந்தப் பக்கமே நான் வரமாட்டேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

செலரி விதை தூசியைவிடச் சின்னது. அக்கா மொச்சைக்கொட்டை ஊன்றுகிற மாதிரி விரலால் ஆழமாக அழுத்தி வைத்தாள். மூன்று வாரம் போயிற்று, ஒன்றும் முளைக்கவில்லை. "என்ன அண்ணி, உள்ளேயே தூங்குதா?" என்று மாடி ஜன்னலிலிருந்து தினமும் கேலி. எனக்கே அவர் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டலாம் போலிருந்தது.

பிறகுதான் பாக்கெட்டின் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். விதையை மூடக்கூடாது, வெளிச்சம் பட வேண்டும். இரண்டாம் முறை மண்ணின் மேலேயே தூவி, இஸ்திரி போடும்போது துணியை நனைக்கிற தண்ணீர்த் தெளிப்பானால் ஈரம் காட்டினாள். இருபதாம் நாள் பச்சையாக நூல் பிசிறு மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. கடைசியில் பன்னிரண்டு செடி நின்றது. அதற்கு ஈரம் காய்ந்தால் ஆகாது. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பவள் பாதியில் எழுந்து ஓடுவாள்.

தண்டில் வெயில் பட்டால் கசக்கும், காகிதம் சுற்றிவிடு என்று விதைக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்கா அளவு வரைகிற காக்கிக் காகிதத்தை எடுத்தாள். ஒவ்வொரு செடிக்கும் டேப் வைத்து இடுப்பளவு எடுத்து, கச்சிதமாக வெட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டினாள்.

"ஃபிட்டிங் எப்படி?" என்று என்னிடம் பெருமையாகக் கேட்டாள். நானும் பிரமாதம் என்றேன்.

பத்து நாள் கழித்துப் பிரித்தால் ஒரே நாற்றம். உள்ளே குருத்து விரிய இடமில்லாமல் நசுங்கி அழுகியிருந்தது. பன்னிரண்டில் ஏழு போய்விட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம், வளருவாங்கன்னு ரெண்டு இஞ்ச் உள்ள மடிச்சு விட்டுத் தைக்கிறேன். இதுவும் வளர்ற பிள்ளைதானே? இதுக்கு விட மறந்துட்டேனேடி!"

மிச்சம் ஐந்துக்கும் உள்ளே மடிப்பு வைத்துத் தொளதொளவென்று சுற்றினாள். வாரம் ஒரு மடிப்புப் பிரித்துவிட்டாள்.

ஏழு செடி போன செய்தி மாடிக்கு எட்டியதும், கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மணல் வந்து இறங்கியது. ஆட்கள் கூடையோடு பின்பக்கம் வந்தார்கள். அக்கா படிக்குக் கீழிருந்த மெஷினைத் தரதரவென்று இழுத்து வந்து பாத்தியின் முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் முப்பது நாள் இருக்கு. அதுக்கு முன்னாடி கொட்டணும்னா என் தலையில கொட்டுங்க."

ஆட்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அக்கா அங்கேதான் தைத்தாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து அவள் தைப்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

கெடு நாளன்று அவர் கீழே இறங்கி வந்தார். காகிதம் பிரித்த செடிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைச் செலரி மாதிரி தடிமன் இல்லைதான்.

"இதெல்லாம் செலரியா அண்ணி? வெறும் குச்சி. இதை மனுஷன் வாயில வைக்க முடியுமா?"

அக்கா கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். ஆறு மாத உழைப்பு ஒரு பேச்சில் போய்விடும் போலிருந்தது. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

"காலையில குடிச்சீங்களே, அது இந்தக் குச்சிதான்," என்றேன். "நேத்து அக்கா ருசி பார்க்கச் சொல்லி ஒரு செடி கொடுத்தாங்க. இன்னிக்குத்தான் நல்லா இருக்குன்னு ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ யார் பக்கம்?"

"பாத்தி பக்கம்."

வாங்கின புதுக் கார் தெருவிலேயே நிற்கிறது. மெஷின் படிக்குக் கீழே திரும்பிப் போகவில்லை. பாத்திக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு கூரை போட்டுத் தரச் சொல்லி அவரிடமே கேட்டாள் அக்கா. சிமெண்ட் கூடாது, தகரம் போதும் என்றாள். அவரும் மறுபேச்சில்லாமல் உயரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். அக்கா டேப்பை எடுத்துக் காலிலிருந்து தலைவரை தன்னையே அளந்தாள். அதற்குமேல் மூன்று அடி கூட்டிச் சொன்னாள்.

"அவ்வளவு எதுக்கு அண்ணி?"

"நான் இன்னும் வளருவேன் தம்பி," என்றாள்.