கண்மாய்க் குழிக்கு ஒரு பொறுப்பாளி

முருகலட்சுமி பரளச்சிப் பக்கம் காட்டுவேலை செய்து பிழைத்த குடும்பத்துப் பெண். சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ரோடு அகலப்படுத்தும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மண் எடுக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில் சொன்னபடி வெட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். கம்பெனி மேல் கேஸ் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் வேலை அதுதான். அப்பா கருத்தப்பாண்டிக்கும் அங்கேயே வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தாள். அவர் காக்கிச் சட்டையோடு முதல்நாள் பஸ் ஏறியதை ஊரே பார்த்தது.

அவள் ஊர்க் கண்மாயில் மூன்றடி ஆழத்துக்குத்தான் மண் எடுக்க அனுமதி. முருகலட்சுமி போய்ப் பார்த்தபோது பொக்லைன் இரண்டு ஆள் ஆழத்துக்குச் செங்குத்தாக வெட்டிப் போட்டிருந்தது. மேலாளர் சதீஸ்குமாரிடம் போனாள்.

“சார், மழை பெஞ்சா கரிசல் வழுக்கும். ஆடு மாடு இறங்குற இடம். மூடணும், இல்ல ஓரத்தையாவது சரிச்சு விடணும்.”

“வண்டியெல்லாம் ரோட்டு வேலையில இருக்கு. இப்ப முடியாது. உங்கப்பாவை அங்க காவலுக்குப் போடுங்க, போதும்.”

போட்டாள். சுற்றிச் சிவப்பு நாடாவும் கட்டினாள். மேலிடத்துக்குச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தாள். சொன்னால் தன் வேலையோடு அப்பாவின் வேலையும் போகும் என்று விட்டுவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் முழங்காலளவு தண்ணீர் பரவி, கட்டியிருந்த நாடாவும் அறுந்துபோய், குழி எது தரை எது என்று தெரியாமல் போனது. டீசல் திருடு போகிறது என்று சதீஸ்குமார் அன்று காலையில் கருத்தப்பாண்டியை டிப்பர்கள் நிற்கும் இடத்துக்கு மாற்றியிருந்தார். மத்தியானம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தங்கமாரி தண்ணீரில் விழுந்த குட்டியைப் பிடிக்க இறங்கினாள். பிறகு அவளை யாரும் உயிரோடு பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முருகலட்சுமி பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள்.

சதீஸ்குமார் முருகலட்சுமியைத் தன் காருக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“யாரு பொறுப்புன்னு போலீஸ் கேக்குறாங்க. அனுமதி வாங்குனது நீங்க. இல்லேன்னா, வாட்ச்மேன் இடத்துல இல்லைன்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு, நீங்களே சொல்லுங்க.”

“நீங்கதான சார் அவரை மாத்துனீங்க?”

“வாய்வார்த்தையா சொன்னதுக்கு சாட்சி யாரு?”

அவள் அப்பாவிடம் போய் நின்றாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்முன்னே அவர் புரிந்துகொண்டார்.

“நீ உள்ள போனா அப்புறம் யாரு வேலை குடுப்பா? எனக்கென்ன. மரத்தடியில போய் அசந்து தூங்கிட்டேன்னு சொல்லிர்றேன்.”

அவள் அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

ஸ்டேஷனில் தங்கமாரியின் புருஷன் ராஜபாண்டி, கருத்தப்பாண்டியின் சட்டையைப் பிடித்தான். “தூங்குனியாய்யா?”

“ஆமாப்பா.”

ராஜபாண்டி அறைந்தான். போலீஸ்காரர் விலக்கிவிடுமுன் இன்னும் இரண்டு அறை விழுந்தது. கருத்தப்பாண்டி கையைக்கூடத் தூக்கவில்லை. முருகலட்சுமி சுவரோரம் நின்றிருந்தாள். அதிகாரி கேட்டபோது, வாட்ச்மேன் இடத்தில் இல்லை என்று தெளிவாகச் சொன்னாள்.

மறுநாள் ஒரே காலைப்பொழுதில் கம்பெனி அந்தக் குழியை மூடிவிட்டது.

கருத்தப்பாண்டி ஜாமீனில் வெளியே வந்தபின் ஊரில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். காரியாபட்டிப் பக்கம் புது வேலை தொடங்கியபோது சதீஸ்குமார் முருகலட்சுமியைச் சம்பளம் உயர்த்திக் கூட்டிப்போனார். நம்பிக்கையான பொண்ணு என்று மற்றவர்களிடம் சொன்னார். அங்கேயும் ஒரு கண்மாயில் மண் எடுக்க அனுமதி வாங்கும் வேலை அவளுக்குக் காத்திருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வாரேன் என்று அம்மா சந்தனம்மாளுக்குப் போன் பண்ணினாள்.

“வராத,” என்றாள் அம்மா. “உங்கப்பாதான் சொல்லச் சொன்னாக. ராஜபாண்டி உன்னையப் பாத்தா ஏதாவது கேட்டுருவானாம். நீ பதில் சொல்ல முடியாம நிப்பியாம்.”

“அப்பாட்ட குடும்மா.”

சந்தனம்மாள் கூப்பிட்டது போனில் கேட்டது. வெகுநேரம் பொறுத்து அவளே திரும்ப வந்து, “மாட்டேங்கிறாக,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.