சேலைச் சீட்டு அகராதி

நான் தமிழில் எம்.ஏ. படித்தவன். ஆரணியில் ஒரு பட்டுச் சேலைக் கடையில், நெசவாளர்கள் கொண்டுவரும் சேலைகளைச் சரிபார்த்து வாங்கி வைப்பது என் வேலை. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருபது வருடம் இருக்கிறது. வாத்தியார் வேலை வரும் வரும் என்று காத்திருந்து வராமல் போன எரிச்சலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல்தான் அகராதி எழுத ஆரம்பித்தேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தறியிலிருந்து அறுத்த சேலையை மடித்துக் கொண்டுவரும்போது மேலே ஒரு சீட்டைக் குத்தி அனுப்ப வேண்டும். நிறம், நெய்தவர் பெயர், அதற்குக் கீழே சேலையில் என்ன குறை என்று அவர்களே எழுத வேண்டும். எழுதிய குறைக்குத் திட்டு கிடையாது. அந்த இடத்தை மட்டும் பிரித்துப் பார்த்து, முடிந்தால் சரி செய்வோம். முடியாவிட்டால் சேலையைத் தனியாக எடுத்து வைப்போம். எழுதாமல் விட்ட குறை பிறகு தெரியவந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த பாவு கிடையாது. கடையிலிருந்து பாவு நூல் போனால்தான் தறி ஓடும். முதலாளியின் அப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம்.

சீட்டுகளில் வரும் தமிழ் என்னை முதலில் எரிச்சல்படுத்தியது, பிறகு சிரிக்க வைத்தது. ஒருவர் சேலையின் கரையைக் ‘கறை’ என்று எழுதியிருந்தார். ஒரு பழைய நோட்டில் அந்தச் சீட்டை ஒட்டி, பக்கத்தில் எழுதினேன்: “கறை: பெயர்ச்சொல். சேலையின் இரண்டு ஓரத்திலும் நெசவாளர் ராப்பகலாக உட்கார்ந்து, வேண்டுமென்றே சேர்த்துத் தரும் அழுக்கு.” என் எதிரில் உட்கார்ந்து சேலைகளைப் பெட்டியில் அடுக்குகிறவர் என்னைவிட மூத்தவர், சிரிக்க ஒரு சாக்கு வேண்டும் அவருக்கு. படித்துவிட்டு இருமல் வரும் வரை சிரித்தார். அன்று முதல் நோட்டு நிரம்ப ஆரம்பித்தது. இழையை ‘இலை’ என்று எழுதிய சீட்டுக்கு, “இலை: தறியில் முளைப்பது. பந்தி தொடங்கும் முன்பே அறுந்துவிடும்.” “முந்தாணை: மற்ற ஆணைகளை முந்திக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா பிறப்பிப்பது.” கல்லூரியில் நான் எழுதிய எதையும் யாரும் இப்படி ரசித்ததில்லை. அந்தப் பாராட்டு எனக்குத் தேவைப்பட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நோட்டில் பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீடு. புருஷன் நெய்வார், மனைவி கூட உட்காருவார். சீட்டு எழுதுவது அந்தம்மாதான். உருண்டை உருண்டையாக, பேனாவை அழுத்தி எழுதியிருப்பார். மற்றவர்கள் ‘ஒரு இழை விட்டது’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் எந்த இடம், எத்தனை இழை, அப்போது கரண்ட் போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்று கடிதமே எழுதுவார். எழுத்துக்கு எழுத்து தப்பு. ஆனால் சொன்ன இடத்தில் சொன்ன குறை இருக்கும், வேறெங்கும் இருக்காது. அதனால் அந்த வீட்டுச் சேலையை நான் முழுதாகப் பிரித்ததே இல்லை.

அவர் ‘மண்ணிக்கவும் சார்’ என்று எழுதிய சீட்டுக்கு நான் எழுதியது இது: “மண்ணித்தல்: வினைச்சொல். தப்பு செய்தவர், தன் தலையில் மண்ணை அள்ளிப் போடும்படி எதிராளியைப் பணிவோடு கேட்டுக்கொள்ளுதல்.” என் அகராதியிலேயே இதுதான் உச்சம் என்று நினைத்தேன். பெட்டி அடுக்குகிறவர் அன்று லீவு. அவருக்கு அனுப்பலாம் என்று அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அது நெசவாளர்களுக்கு நிறமும் டிசைனும் அனுப்புகிற வாட்ஸ்அப் குரூப்பில் போய் விழுந்தது. பார்த்ததும் அவசரமாக அழித்தேன். அதற்குள் பலர் பார்த்துவிட்டார்கள். யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார். முதலாளி அந்தக் குரூப் பக்கமே வருவதில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தம்மாவைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை.

அடுத்த சேலையை அவர் புருஷன் கொண்டுவந்தார். சீட்டில் நிறமும் பெயரும் மட்டும் இருந்தன. கீழே ஒன்றுமில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவர் முன்னால் சேலையைப் பிரித்து நோண்ட எனக்குக் கூசியது. அவர் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது. குறை இல்லை என்று எழுதிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு மாதத்தில் அந்தச் சேலை திரும்பி வந்தது. போளூரில் கல்யாண வீட்டில், மணப்பெண்ணுக்குக் கட்டிவிடும்போதுதான் பார்த்திருக்கிறார்கள். கொசுவம் வைக்கும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இழை விட்டிருந்தது. பெண் வீட்டார் கடையிலேயே நின்று கத்திவிட்டுப் போனார்கள். முதலாளி சீட்டை எடுத்துவரச் சொன்னார்.

“இன்னாபா, சீட்டுல ஒண்ணும் எழுதலயா?”

“எழுதலைங்க.”

“மறைச்சிட்டாங்க. அந்த ஊட்டுக்கு இனிமே பாவு குடுக்காத.”

பெட்டி அடுக்குகிறவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் சொன்னது பொய் இல்லை. அதைவிடக் கேவலமான ஒரு உண்மையை நான் அதுவரை சொன்னதில்லை.

நான்கு நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். தறியில் நூல் இல்லை. அதன் மேல் துவைத்த துணிகளைக் காயப்போட்டிருந்தார்கள். புருஷன் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். அந்தம்மா என்னை உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

“எப்பவும் எழுதுவீங்களேம்மா. இந்த வாட்டி ஏன் எழுதல?” என்று கேட்டேன். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்தேதான் கேட்டேன்.

“எழுதி எழுதித்தான சார் சிரிச்சிகினு இருந்தீங்க. என் பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல கூட அந்த போட்டோவ காமிச்சி பேஜார் பண்ணிட்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு எழுத வராது. நானும் மூணாவதுதான். பொண்ணு நோட்ட பாத்து பாத்துதான் கத்துகினேன்.”

“குறை இருக்குன்னு தெரியும்தான?”

“தெரியாம இன்னா சார். வெறும் சீட்டு வச்சி அனுப்பினா நீங்களே பூராவும் பிரிச்சி பாப்பீங்கன்னு நெனச்சேன். பாத்து எடுத்து வச்சிருப்பீங்கன்னு இருந்தோம்.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

“நீங்க பெரிய படிப்பு படிச்சவருன்னு சொல்லுவாங்க. இத்தினி வருசம் சீட்டு குடுத்துகினு இருந்தேன். ஒரு வாட்டி இத இப்டி எழுதும்மான்னு சொல்லி இருக்கலாமே சார்,” என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

முதலாளியிடம் நடந்ததை எல்லாம் சொல்லி, பாவு வாங்கித் தருகிறேன் என்று அந்தம்மாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாசல் வரை வந்து, “சொல்லுங்க சார், மறந்துடாதீங்க,” என்றார்.

மறக்கவில்லை. தினமும் காலையில் கடைக்குப் போனதும் முதலாளி என்னிடம்தான் முதலில் பேசுகிறார். இந்த வேலையும் போனால் இந்த வயதில் எங்கே போவது என்று நினைத்துக்கொள்கிறேன். ஏழு மாதம் ஆகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.